பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பில் ஹிட்லரின் நாசிசம் பற்றிய பாடம் நடந்தபோது, "இத்தனை லட்சம் யூதர்களில் யாருமே எதிர்த்துச் சண்டையிடவில்லையா?" என்று மாணவி ஒருவர் கேட்டார். நியாயமான இக்கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆகவே அடுத்த வாரம் இரண்டு பாடவேளைகளை வார்சா கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த நகர்ப்பகுதி) எழுச்சிக்கு ஒதுக்கியுள்ளோம்.

போலந்தின் தலைநகரான வார்சாவில் 1940 நவம்பரில் சுவர் எழுப்பி மூடப்பட்ட அந்தக் கெட்டோவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் பசியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் வாடினர். 1942 ஜூலை 22 தொடங்கி இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 2,65,000 பேர், கிழக்கே குடியமர்த்தப்போவதாகப் பொய் சொல்லப்பட்டு, டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டனர். ஒருவர் கை ஓங்கினால் அவருடைய குடும்பமும் அண்டை வீட்டாரும் சேர்ந்து சாகவேண்டும் என்பதே அன்றைய நிலை. இன்றைய லித்துவேனியாவிலுள்ள வில்னா நகரின் கெட்டோவில் தலைமறைவுப் படையின் தளபதி இட்சிக் விட்டன்பெர்க், தாம் பிடிபடாவிட்டால் அங்குள்ள அனைவரும் அழிக்கப்படுவர் என்ற மிரட்டலுக்காக 1943 ஜூலையில் தாமே சரணடைந்து உயிரிழந்தார். எதிர்ப்பு ஏன் தாமதமானது என்று கேட்கும் பிள்ளைகள் இதையும் அறிய வேண்டும்.

1943 ஏப்ரல் 19, யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கு முந்தைய நாள், எஞ்சியிருந்தோரைக் கொண்டுபோக ஜெர்மன் நாசிப் படை வார்சா கெட்டோவுக்குள் நுழைந்தபோது, மொர்தெகாய் அனியெலெவிச் தலைமையிலான இளைஞர்களும் வேறொரு குழுவினரும் கைத்துப்பாக்கிகளையும் தாங்களே செய்த குண்டுகளையும் கொண்டு அதைத் தடுத்தனர். வெல்ல முடியாது என்று அறிந்தே அவர்கள் போரிட்டனர். வீடுகளுக்குத் தீ வைத்தே படையால் முன்னேற முடிந்தது. மே 8 அன்று மிலா தெரு 18ஆம் எண் பதுங்குகுழி வீழ்ந்தது; அனியெலெவிச் அங்கேயே இறந்தார். மே 16 அன்று பெரிய யூத ஆலயத்தை வெடிவைத்துத் தகர்க்கும்வரை சண்டை அடங்கவில்லை.

ஆசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் உலுக்குவது இன்னொரு செய்தி. வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்புளூம் கெட்டோவின் அன்றாட வாழ்வை ஆவணமாக்க இரகசியக் குழு ஒன்றை நடத்தினார். 1942 ஆகஸ்டில் அந்த ஆவணங்களின் முதல் பகுதியை ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் புதைத்தவர்கள் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியரும் இரு இளைஞர்களும். அவற்றை வைத்திருந்த தகரப்பெட்டிகள் 1946இல் தோண்டி எடுக்கப்பட்டன.

வகுப்பில் பிணங்களின் படங்களைக் காட்டமாட்டோம். பாடத்துக்குப் பின் உங்கள் பிள்ளை வீட்டில் கேள்வி கேட்டால், பேச்சை மாற்றாமல் உடன் உட்கார்ந்து கேளுங்கள். மனம் கலங்கியிருப்பதாகத் தோன்றினால் மறுநாளே என்னை நேரில் வந்து சந்தியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்