பேர் வெட்டிய அண்டாவும் உங்கள் நான்காவது விதியும்

காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளில் கேம் உருவாக்கும் போட்டி நடத்துகிற ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். பகலில் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் பிரிண்டர் பழுது பார்க்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேம் செய்கிறேன். அதில் இதுவரை சல்லிக்காசு பார்த்ததில்லை, பார்க்கும் உத்தேசமும் இல்லை. இந்த வருடப் போட்டிக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை என் கைக்கும் வந்தது. அதில் நான்காவது விதி: நிரலின், அதாவது கம்ப்யூட்டர் கோடின், ஒவ்வொரு வரியும் மாணவரே எழுதியதாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு வரி எடுத்தது தெரிந்தாலும் நீக்கம். இந்த விதி வந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரியில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். ஏழாவதாக வந்த பையன் லேப்டாப்பைத் திறந்து ‘மேன்ஷன் கேட்’ என்று ஒரு கேமைக் காட்டினான். பெரிய வீடு, முகப்பிலிருந்து வளவு என்கிற உள்முற்றம், வளவிலிருந்து இரண்டாம் கட்டு என்று ஒரு பூனை பதுங்கிப் பதுங்கிப் போய் அடுப்படியில் பால் குடிக்க வேண்டும். ஆச்சி வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. நான் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ‘தம்பி, வளவில் மூன்றாவது தூண்கிட்ட நின்று ரெண்டு தடவை குதிக்க வை’ என்றேன். குதித்தது. பூனை மச்சுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டியது. மூன்று வருடமாக நான் சரிசெய்யாமல் விட்டிருந்த பக், அதாவது நிரல் பிழை, அது. என்னுடைய ‘வளவுப் பூனை’தான், தலைப்பை மட்டும் மாற்றி வந்திருந்தது.

நிரலைத் திறக்கச் சொன்னேன். ‘ஆச்சிகோவம்’ என்று ஒரு மாறி, அதாவது ஆட்டத்தில் ஏறி இறங்குகிற ஒரு எண், இருந்தது. பூனை சத்தம் போடும்போதெல்லாம் அது ஏறும், நூறைத் தொட்டால் ஆச்சி எழுந்து வருவார். என் அப்பா ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருந்தவர். அந்த வீட்டு ஆச்சியை மனதில் வைத்து நான் வைத்த பெயர் அது. ‘இது என்னப்பா?’ என்று கேட்டேன். ‘ஸ்கோர் சார்’ என்றான்.

அன்று மாலையே எல்லோரும் கூடிப் பேசி, அடுத்த வருடம் கடுமையாக ஒரு விதி போடலாம் என்று முடிவானது. நானும் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

ஏனென்றால், அந்த விதிப்படி நானே தேற மாட்டேன். என் பூனை மாடத்தின் விளிம்பைத் தாண்டி ஓடிய பிறகும், கண்சிமிட்டும் நேரத்துக்குள் பட்டனை அழுத்தினால் குதிக்கும். அது இல்லாவிட்டால் விளையாடுகிறவர் ‘நான் அழுத்தினேனே!’ என்று எரிச்சலாவார். அந்த நாலு வரி நான் கண்டுபிடித்ததல்ல. யாரோ ஒருவரின் யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன். ரொம்ப நாள் அவர் பெயரைக் கூடப் போடவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆச்சி பூனையைத் துரத்த வழி கண்டுபிடிக்கிறாரே, அது ஏ ஸ்டார் முறை. 1968-இல் ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் ஹார்ட், நில்சன், ரஃபேல் என்ற மூன்று பேர் வெளியிட்டது. அங்கே ஷேக்கி என்ற ரோபோ அறைக்குள் முட்டாமல் நகர்வதற்காக யோசித்தது, இங்கே வளவில் ஆச்சி நடக்க உதவுகிறது. இதையெல்லாம் தாங்கி நிற்கிற, கேம் செய்வதற்கான கோடோ எஞ்சின் என்ற மென்பொருள் அர்ஜென்டினாவில் பிறந்து 2014-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் ஒரு வரி கூட நான் எழுதியதில்லை. உங்கள் மாணவர்களும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் கல்யாணம் என்றால் அண்டாவும் கிடாரமும் ஒரே வீட்டிலிருந்தா வருகிறது? நாலு வீட்டில் இரவல் வாங்கித்தான் பந்தி நடக்கிறது. அதற்காகத்தானே பாத்திரத்தின் கழுத்தில் விலாசம் வெட்டி வைக்கிறோம். பந்தி முடிந்ததும் கொல்லையில் கழுவிக் கவிழ்க்கும்போது, எழுத்தைப் பார்த்து எது எந்த வீட்டுக்கு என்று சின்னப் பிள்ளை கூடப் பிரித்துவிடும். இரவல் வாங்கிச் சமைத்தவரை யாரும் திருடர் என்று சொன்னதில்லை. எழுத்தை அரத்தால் தேய்த்துவிட்டுத் தன் விலாசத்தை வெட்டிக்கொண்டால் அப்போதுதான் பஞ்சாயத்து.

என் கேமிலும் நடந்தது அதுதான். அதன் நிரலை நான் எம்ஐடி உரிமத்தில் போட்டிருந்தேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். கேட்பது ஒன்றே ஒன்று, என் பெயரும் உரிம வாசகமும் உள்ள அந்தச் சின்னக் கோப்பு கூடவே இருக்க வேண்டும். அந்தப் பையன் முதலில் அழித்தது அந்தக் கோப்பைத்தான். படங்கள் கதை வேறு. ஆத்தங்குடிக் கல் டிசைன்களைப் பார்த்து என் மனைவி புள்ளி புள்ளியாக வரைந்தவை அவை. எடுக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தேன். டூம் கேமின் நிரலை அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி 1997-இல் வெளியிட்டது, 1999-இல் யாரும் எடுத்து மாற்றலாம், மாற்றி வெளியிட்டால் அந்த நிரலையும் திறந்தே தர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றியது. ஆனால் அதன் படங்களையும் லெவல்களையும் அப்படித் திறந்துவிடவில்லை. நிரல் இரவல் கிடைக்கும், வீடு கிடைக்காது. நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் எல்லாம் பொதுச் சொத்து என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். உரிமம் எதுவும் எழுதாமல் கிடந்தால் எடுக்க அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பின் கணக்கில்தான் வைத்திருக்கிறது, பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கு உரிமை உண்டு. இதை முதல் செமஸ்டரிலேயே யாராவது அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

பெயர் வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. குவேக் 3 அரீனா என்ற கேமின் நிரல் 2005-இல் வெளியானபோது, வர்க்கமூலத்தின் தலைகீழியை மின்னல் வேகத்தில் கணக்கிடும் ஒரு சின்னத் துண்டு அதில் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அந்த கேமின் முக்கிய நிரலாளர் ஜான் கார்மாக்தான் எழுதியிருப்பார் என்று ஊரே நம்பியது. நான் இல்லை என்றார் அவர். தேடிக்கொண்டே போனதில் 1980-களில் கிரெக் வால்ஷ் என்பவர் எழுதியது, அதற்கு யோசனை கணிதவியலாளர் கிளீவ் மோலரிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. இரவல் கைமாறிக் கைமாறிப் போனதில் யாரும் திருடவில்லை. ஒரு வரிக் குறிப்பு இருந்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

சரி, உங்கள் விதி என்ன செய்யும்? ‘இந்தத் துண்டு இன்னாரிடமிருந்து எடுத்தது’ என்று நேர்மையாக எழுதி வைத்த பிள்ளை முதலில் மாட்டும். அழித்துவிட்டு வருகிறவன் தப்பிப்பான். போன வருடமே ஒரு மாணவி என்னிடம் வந்து, ‘அண்ணே, நன்றி பக்கத்தை எடுத்துவிடட்டுமா, மார்க் குறையுமா?’ என்று கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் நிரல் பழகும் ஸ்க்ராட்ச் தளத்தில், மற்றவர் செய்ததை எடுத்து மாற்றும் ரீமிக்ஸ் பட்டனை அழுத்தியபோதெல்லாம் மூலப் ப்ராஜெக்டின் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் அவளும்.

விதியை இப்படி மாற்றிப் பாருங்கள். எதை எங்கிருந்து எடுத்தோம், என்ன உரிமம், அதில் என்ன மாற்றினோம் என்று ஒரு தாள் கட்டாயம். தாளில் எவ்வளவு இருந்தாலும் மார்க் குறையாது, தாளில் இல்லாதது கேமில் இருந்தால் நீக்கம். ரீமிக்ஸ் என்று சொல்லியே வருகிறவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்தாலும் தவறில்லை. அப்புறம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பூனையின் குதிக்கும் உயரத்தைப் பாதியாக்கு என்று எங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். செய்தவனுக்கு இடம் தெரியும், மற்றவன் கோப்புக் கோப்பாகத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றையும் புரட்டிப் பாருங்கள். நிஜமாகச் செய்தவர்களுடையது அசிங்கமாக இருக்கும்: ‘மறுபடியும் உடைந்தது’, ‘இப்போது ஓடுகிறது ஏன் என்று தெரியவில்லை’ என்று மூன்று மாதத்துக்கு நீளும். போட்டிக்கு முந்தின ராத்திரி ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவில், முழு வீடும் வந்து நின்றால் கேள்வி கேளுங்கள்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு மாதம் கழித்து அவனே மெசேஜ் அனுப்பினான். மன்னிப்பு ஒரு வரி, அதற்குக் கீழே மூன்றாவது தூண் பக்குக்குத் திருத்தம். பூனை எங்கே முட்ட வேண்டும் என்று குறிக்கும் தூணின் மோதல் பெட்டி மச்சுக்குள் இரண்டு பிக்சல் நீட்டிக்கொண்டிருந்ததாம். சரியாகத்தான் இருந்தது, சேர்த்துக்கொண்டேன். பங்களித்தவர்கள் கோப்பில் என் மனைவி பெயருக்குக் கீழே அவன் பெயர் இருக்கிறது.

பதிவு தொடங்குவதற்குள் நான்காவது விதியைத் திருத்தினால் நல்லது, பிள்ளைகள் இப்போதே நன்றி பக்கங்களை அழித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவராகக் கூப்பிட்டால் இந்த முறையும் வருகிறேன். மதியச் சாப்பாடு போட்டால் போதும். போன தடவை மாதிரி ஆறிப்போன லெமன் சாதம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
‘வளவுப் பூனை’ செய்தவன்
காரைக்குடி