தேவகோட்டை ஆச்சிக்கும் துணைநின்ற அனைவருக்கும்

அன்பிற்குரிய செட்டிநாட்டு மக்களுக்கு வணக்கம்.

கடலாமை முட்டைகளைக் கரையில் குழிகளில் வைத்துக் காக்கும் எங்கள் குஞ்சு பொரிப்பகத்துக்குள் கடல் அலைகள் புகுந்து, வேலியையும் கூடைகளையும் சில குழிகளையும் அடித்துக்கொண்டு போனதை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடியும் விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. தப்பிய குழிகளில் கடைசிக் குழியிலிருந்தும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் ஏறிவந்து கடலில் இறங்கிவிட்டன. நெஞ்சு இன்னும் நிலைகொள்ளாத இந்த நேரத்திலேயே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி தேவகோட்டை ஆச்சிக்கு. தம் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். வேலிக்கான சாமான்களை ஏற்றிச் செல்ல வண்டி கேட்டு நாங்கள் போனது அவருக்கு அடுத்த வீட்டுக்குத்தான். கூடைகளையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது, இரவுக்குள் எங்கே தேடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டது முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சியின் காதில் விழுந்திருக்கிறது. கூப்பிட்டு, ஆமைக்கு எதற்குக் கூடை என்று கேட்டார்.

ஒரு குழியில் நூறு முட்டை வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். ஏறத்தாழ ஐம்பது நாளில் பொரிந்து, குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் கூட்டமாக மேலே வரும். வந்தவுடன் வெளிச்சம் தெரியும் திசையை நோக்கி ஓடும். இருண்ட கரையில் அந்த வெளிச்சம் கடல் பக்கம்தான் தெரியும். கரையில் மின்விளக்கு எரிந்தாலோ, குஞ்சுகள் தரைப் பக்கம் திரும்பி, நாய்க்கும் நண்டுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் பலியாகும். ஆகவே பொரிக்கும் நாள் நெருங்கியதும் ஒவ்வொரு குழியின் மேலும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைப்போம். காற்றும் போகும், ஆள் வந்து எடுக்கும்வரை குஞ்சுகளும் சிதறாது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஆச்சி, "பேறுகால அறையில விளக்கத் தணிச்சுத்தான அப்பு வைப்போம். அதுகளுக்கும் அப்படித்தான்" என்றார். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்கு நடந்தார்.

சாமான் அறையில் இருந்தவை அவர் மகளின் திருமணத்துக்கு வாங்கிய கூடைகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, தூசி படாமல் துணி கட்டி வைத்திருந்தார். அவற்றை அப்படியே தந்திருந்தாலே பெரிய உதவி. ஆனால் ஆச்சி ஒவ்வொரு கூடையையும் மடியில் வைத்து, விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, சிலாம்பு தட்டுப்பட்ட இடத்தைக் கத்தியால் சீவிவிட்டு, பழைய வேட்டியைக் கிழித்து விளிம்பில் சுற்றித் தைத்துக் கொடுத்தார். கிழட்டு வேட்டி நைந்திருக்கும், பிஞ்சு மேலுக்கு இதமாக இருக்கும் என்று அவர் சொன்னபோது, இத்தனை காலம் இந்த வேலையில் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்றை, ஆமைக் குஞ்சைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் யோசித்திருக்கிறாரே என்று நெகிழ்ந்து நின்றோம். கூடைகள் உப்புநீரில் வீணாகிவிடுமே என்று தயங்கியதற்கு, உயிர் காக்கப் போகிற பொருளைத் திரும்பக் கேட்கும் வழக்கம் தம் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வனத்துறைப் பணியாளர்களுக்கு எங்கள் வணக்கம். கடலாமைகள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை என்பதால், அவர்கள் அனுமதியும் துணையும் இன்றி ஒரு முட்டையைக்கூட நாங்கள் தொட முடியாது. வலையில் சிக்கி மூச்சுத் திணறிய தாய் ஆமையைப் படகில் ஏற்றி இளைப்பாற விட்டுக் கடலில் இறக்கிய மீனவ அண்ணன்மாருக்கும், தேர்வுக் காலத்திலும் இரவுக் காவலுக்கு வந்த காரைக்குடி மாணவ மாணவியருக்கும், சோறு கட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கும், வாடகை வாங்க மறுத்த வண்டிக்காரருக்கும், பணம் அனுப்பிய வெளிநாட்டு உறவுகளுக்கும் நன்றி. சென்னையில் 1970களிலேயே இரவு இரவாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காத்தவர்களும், 1988 முதல் அதைத் தொடர்ந்து செய்துவரும் மாணவர் அமைப்பும் வகுத்த வழியில்தான் நாங்கள் நடக்கிறோம் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

கடலில் இறங்கிய குஞ்சுகளில் பிழைப்பவை மிகச் சிலவே. பிழைக்கும் பெண் ஆமை வளர்ந்து முட்டையிடத் தயாராகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். அப்போது அது பெரும்பாலும் தான் பிறந்த கரைப்பகுதியையே தேடி வரும். அன்றைக்கு அங்கே மணலும் இருட்டும் இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம்.

அதனால் ஓர் உறுதி எடுத்திருக்கிறோம். தை அமாவாசைக்கு நம் ஊர்களிலிருந்து இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும் அதுவே. மணலில் வண்டியை இறக்காதீர்கள், இருட்டிய பின் கரையில் விளக்கடிக்காதீர்கள், பிளாஸ்டிக் பையை அங்கே விட்டு வராதீர்கள் என்று வரும் மார்கழி முதலே வீடு வீடாக வந்து சொல்லப் போகிறோம். தேவகோட்டையில் எங்களோடு தாமும் நடந்து வருவதாக ஆச்சி சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
பொரிப்பகத் தொண்டர்கள் சார்பில்,
காரைக்குடி