தனியாக எடுக்கும் முதல் முகூர்த்தம்

கண்ணு,

தை மாதம் சொந்தப் பொறுப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ, வீடியோ எடுக்கப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

தாலி கட்டுவது சில நொடிதான். ஐயர் மேளக்காரர்களைப் பார்த்துக் கையசைப்பார், அதற்கப்புறம்தான் கெட்டி மேளம். நீ மேளத்துக்குக் காத்திருக்காமல் அந்தக் கையைப் பார். அட்சதை எல்லார் கைக்கும் போகும்போதே உன் இடத்தில் நின்றுவிடு. ஆனால் முன்கூட்டியே பட்டனை அழுத்திப் பிடித்துவிடாதே. சுருக்காத பெரிய ஃபைலான RAW-வில் தொடர்ந்து அடித்தால், கார்டில் எழுதும்வரை படங்களை வைத்திருக்கும் பஃபர் நிரம்பி, சரியாக முடிச்சு விழும் நேரத்தில் கேமரா திணறி நிற்கும். இரண்டிரண்டு நொடியாக விட்டு விட்டு அடி. லென்ஸ் துளையை எஃப் 1.4 என்று அகலமாகத் திறக்க வேண்டாம்; பெண்ணின் கண் தெளிவாக விழும், மாப்பிள்ளையின் விரலும் தாலியும் மங்கிப்போகும். துளையைக் குறுக்கி எஃப் 4 வை, அதற்காக ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் அளவு) ஏறினால் ஏறட்டும். முகங்கள் உனக்கு, பின்பக்க முடிச்சு இரண்டாவது ஆளுக்கு. அடுத்த முடிச்சுகளை நாத்தனார் போடுகிற வழக்கமா என்று முன்பே கேட்டுக்கொள்.

வெளிச்சம்தான் அதிகம் ஏமாற்றும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/100 அல்லது 1/50, வீடியோ 25 பிரேமில் 1/50 என்று வைத்தால் பட்டை பட்டையாக விழாது. மலிவான எல்இடி இந்தக் கணக்குக்கு அடங்காது. முந்தின நாள் ரிசப்ஷனிலேயே சோதித்துப் பார். மேடையின் ஊதா, பச்சை விளக்குகளை முகூர்த்தத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்லி டெக்கரேஷன்காரரிடம் பணிவாகக் கேள். தோலில் ஊதா ஏறிவிட்டால் எடிட்டிங்கில் முழுசாக எடுக்க முடியாது. ஹோமப் புகையில் ஃபிளாஷை நேராக அடித்தால் புகைதான் வெள்ளைச் சுவராகத் தெரியும். மேலே திருப்பி அடிக்கலாம், ஆனால் கூரையில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் எல்லார் முகமும் சிவக்கும். அப்படியென்றால் பக்கவாட்டில் ஸ்டாண்ட் போட்டு அங்கிருந்து அடி.

வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பெண்ணின் முகம் இருண்டு போகும். ஆகவே மேனுவலில் வைத்துப் பெண்ணின் முகத்தில் வெளிச்சத்தை அளந்து (மீட்டர்) அதற்கேற்ப வை. ஜரிகை வெளுத்துப் போகாமல் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்துக்கொள். கருத்த பெண்ணை எடிட்டிங்கில் வெளுக்காதே. வீட்டார் கேட்டாலும் மறுத்துவிடு, கண்ணு. இது அப்பா உன்னிடம் கேட்டுக்கொள்வது.

ஒரே 256 ஜிபி கார்டை நம்பாதே, 64 ஜிபி கார்டுகளாக வாங்கு. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே படம் பதிய வேண்டும். அன்று இரவு தூங்கும் முன் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்று, ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஆல்பம் கைமாறும் வரை கார்டை ஃபார்மேட் செய்யாதே. ஏதாவது கார்டு திறக்கவில்லை என்றால் அதில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் தனியே வை. மேலே புதிதாக எழுதாதவரை பழையதை மீட்க வழி உண்டு.

தெரிந்தவர்கள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதே. எத்தனை நாள், எத்தனை ஆள், ஆல்பத்தில் எத்தனை தாள், எடிட் செய்த படம் எத்தனை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கு. தேதி பிடிக்கும்போதே பாதிப் பணம். ஆல்பம் தாமதமாவது பெரும்பாலும் வீட்டார் படம் தேர்ந்தெடுக்காததால்தான்; 30 நாளுக்குள் தேர்வு என்று ஒரு வரி சேர். இன்னொரு வரி மிக முக்கியம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். வீடியோவுக்கும் அப்படித்தான். உன் வேலையைக் காட்ட இன்ஸ்டாகிராமில் அந்தப் படங்களைப் போட வேண்டுமென்றால் அனுமதியை அந்தத் தாளிலேயே வாங்கிவிடு.

கிளம்பும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்கு. இல்லாவிட்டால் கணினியில் வரிசைப்படுத்தும்போது தாலிக்கு அப்புறம் ஊஞ்சல் வரும்.

அன்புடன்,
அப்பா