ஏரோபாரைத் தாழ்த்தும் முன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நெடுநாள் ஆசைப்பட்ட ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) சைக்கிளை வாங்கிவிட்டாய் என்று படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் 40 நிமிடம் தாண்டினாலே கழுத்து இறுகி, கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது என்றும், இருந்தாலும் ஏரோபாரை, அதாவது முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்கான முன்பிடியை, இன்னும் 2 சென்டிமீட்டர் தாழ்த்தப்போவதாகவும் நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும் கவலையாகிவிட்டது. அதை இப்போது செய்யாதே. நானும் முன்பு அப்படித்தான் செய்தேன். புகைப்படத்தில் முதுகு மேசைபோலத் தட்டையாக இருந்தது. சாலையிலோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படி நிமிர்ந்த ஒவ்வொரு முறையும், தாழ்த்தியதால் கிடைத்த பலன் காற்றோடு போயிற்று.

உன் ஆசையில் தவறில்லை. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் சமதரையில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. அந்தக் காற்றை மறிப்பதில் சைக்கிளைவிட நம் உடலுக்கே பங்கு அதிகம். பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 1989 கடைசி நாளில், ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் 24.5 கிலோமீட்டர் தனிநேரப் போட்டியை 50 வினாடி பின்தங்கிய நிலையில் தொடங்கிய கிரெக் லெமாண்ட், ட்ரையத்லான் வீரர்கள் அதற்கு முன்பே பயன்படுத்தத் தொடங்கியிருந்த ஏரோபாரைப் பூட்டிக்கொண்டு ஓட்டி, மொத்தப் பந்தயத்தையும் 8 வினாடியில் வென்றார். ஆனால் அவர் அந்த நிலையில் இருந்தது அரை மணி நேரத்துக்கும் குறைவு. நீ தயாராகிக்கொண்டிருப்பதோ 180 கிலோமீட்டருக்கு. அதற்குப் பிறகு 42 கிலோமீட்டர் ஓடவும் வேண்டும்.

உன் கடிதத்தில் ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன்: பழைய சைக்கிளில் பழகிய தூரம் வேண்டும் என்பதற்காக இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாய். நோவுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாலைப் பந்தய சைக்கிளில் இருக்கைக் குழாய் ஏறத்தாழ 73 டிகிரி சாய்வில் நிற்கும். ட்ரையத்லான் சைக்கிளில் 76 முதல் 80 டிகிரி வரை நிமிர்ந்திருக்கும். இருக்கை உயரம் 75 சென்டிமீட்டர் உள்ள ஒருவர் 73 டிகிரியிலிருந்து 78 டிகிரிக்கு மாறினால், இருக்கை 6 சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் வந்துவிடும். பெடல் சுற்றும் அச்சை நடுவாக வைத்து, இடுப்பும் முதுகும் தோளும் சேர்ந்து மொத்த உடலும் முன்னோக்கிச் சுழல்வதாக இதை நினைத்துக்கொள். அப்போது தோள் தாழ்ந்தாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலான மடிப்பு இறுகாது. நீயோ இடுப்பைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தோளை மட்டும் கீழே இழுக்கிறாய். பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் முழங்கால் வயிற்றை நெருக்குகிறது, முதுகு வளைந்து அதற்கு ஈடுகொடுக்கிறது.

ஆகவே முதலில் இருக்கையை முன்னால் கொண்டுவா. 3 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினால் பெடலுக்கான தூரம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறையும் என்பதால், அந்த அளவு உயர்த்தவும் வேண்டும். இதை மறந்துவிட்டு முழங்கால் வலியைத் தேடிக்கொள்கிறவர்கள் உண்டு. முன்னால் சாய்ந்து உட்காரும்போது உடல் எடை உட்காரும் எலும்பிலிருந்து முன்பகுதிக்கு நகர்வதால், இருக்கையின் மூக்கை ஓரிரு டிகிரி தாழ்த்திப் பார். மரத்துப்போனால் பொறுத்துக்கொள்ளாதே, அது நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்குவதன் அடையாளம். மூக்கு பிளந்த இருக்கைக்கு மாறியது எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது.

முழங்கைத் திண்டுகளை அதன் பிறகே தொடு. மேல்கை ஏறக்குறைய நேராகக் கீழே இறங்க வேண்டும். எடையைத் தசை தூக்கிப் பிடிக்காமல் எலும்பு தாங்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் என் திண்டுகளில் உள்ள வியர்வைத் தடத்தை நான் இன்றும் பார்ப்பேன். முன்பெல்லாம் அந்தத் தடம் திண்டின் பின்விளிம்பில் மெல்லிய பிறையாக மட்டும் இருக்கும். எட்டாத தூரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன் என்பதை அதுதான் காட்டிக்கொடுத்தது. திண்டுகளை 2 சென்டிமீட்டர் என் பக்கம் இழுத்த பிறகு தடம் நடுவில் விழுந்தது, தோளும் தானாகத் தளர்ந்தது. கழுத்து வலிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தோள் தளர்ந்தால் தலை தோள்களுக்கிடையே இறங்கி அமரும், காற்றும் குறைவாக மோதும்.

இவ்வளவுக்குப் பிறகும் இடுப்பு மடிப்பு இறுக்கமாக இருந்தால், 172.5 மில்லிமீட்டர் கிராங்குக்கு (பெடல் பூட்டியிருக்கும் கைக்கு) பதிலாக 165 போட்டுப் பார். கிராங்க் 7.5 மில்லிமீட்டர் குட்டையாவதோடு இருக்கையையும் அதே அளவு உயர்த்த வேண்டியிருப்பதால், பெடல் மேலே வரும் இடத்தில் முழங்காலுக்கு மொத்தம் 15 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும்.

ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றுவதற்கு முன் இருக்கைத் தண்டில் ஒட்டுநாடாவைச் சுற்றி அடையாளம் வை. அளவை நோட்டில் எழுது. கார்பன் பாகங்களில் திருகைக் கையளவில் முறுக்காமல், அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு டார்க் ரெஞ்சை (முறுக்கு விசையை அளந்து காட்டும் சாவியை) வைத்தே முறுக்கு. பிறகு வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கியில்) பூட்டி, ஏரோபாரிலேயே ஒரு மணி நேரம் பந்தய வேகத்தில் மிதித்து, எத்தனை முறை எழுந்தாய் என்று எண்ணு. இரண்டு மூன்றுக்குள் வந்த பிறகு திண்டை 5 மில்லிமீட்டர் தாழ்த்தலாம். எண்ணிக்கை ஏறினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடு.

பக்கவாட்டில் கைபேசியை இடுப்பு உயரத்தில் வைத்து, முதல் 5 நிமிடத்தையும் கடைசி 5 நிமிடத்தையும் படம்பிடித்து எனக்கு அனுப்பு. கடைசி 5 நிமிடத்தை மட்டும் மறக்காதே. களைத்த பிறகு உடல் எங்கே போய் உட்காருகிறதோ, அதைப் பார்த்துத்தான் நான் அடுத்து ஏதாவது சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் குமரன்