பகல் பஸ்ஸில் வா

ஊட்டி,
மாசி 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். தம்பிக்கு இருமல் இருந்தது, இப்போது பரவாயில்லை. போனில் கூப்பிட்டால் "சரிப்பா, சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். எனக்கும் கேட்க வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சிநேகிதி அவள் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு வந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் திரும்புகிறாளாம். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டித்தான் கொடுப்பேன்.

இந்த வருஷம் பனி தாமதமாக வந்து, போக மனசில்லாமல் நிற்கிறது. போன வாரம் ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் கீழ்ப்பாத்தி முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பினது மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. மேல்பாத்தியில் ஒரு பொட்டுப் பனி இல்லை. குளிர்ந்த காற்று கனமாச்சே, சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். மேகம் மூடின ராத்திரியில் நிம்மதியாகத் தூங்குகிறேன். வானம் துடைத்துவிட்டு, காற்றும் அசையவில்லை என்றால் அன்றைக்குக் கோத்தகிரி மிலார்ச் செடியைப் பரப்பி மூடிவிட்டுத்தான் படுக்கை. காலையில் வெயில் விழுவதற்கு முன்னால் எழுந்து இலை மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஜெரேனியம் வரிசையில் மட்டும் மிலார் போதவில்லை, மொத்தமும் கருகிவிட்டது. அம்மாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, தினமும் "வெட்டி எறியுங்க, வாசல்ல இப்படியா வெச்சிருப்பாங்க" என்கிறாள். நான் தொடவிடவில்லை. கருகின இலைதான் உள்ளே இருக்கிற குருத்துக்குப் போர்வை. இப்போது வெட்டினால் புதுத் துளிர் கிளம்பும், அடுத்த பனி அதையும் பொசுக்கும். பங்குனி பிறக்கட்டும், பிறகு வெட்டலாம்.

பணம் வந்தது. அனுப்பாதே என்று போன மாதமே சொன்னேன். எனக்குப் பென்ஷன் வருகிறது, ரேஷன் அரிசி இருக்கிறது, காய் வீட்டுத் தோட்டத்திலேயே. உன் பணத்தை நாங்கள் எடுப்பதே இல்லை, போஸ்ட் ஆபீஸ் புத்தகத்தில் உன் பேரில்தான் கிடக்கிறது. முன்னெல்லாம் ஒண்ணாம் தேதி காலையில் மெசேஜ் வரும். இப்போது ஒரு மாதம் ஒன்பதாம் தேதி, ஒரு மாதம் பத்தொன்பது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கேயாவது புரட்டி அனுப்புகிறாயோ என்றுதான். அனுப்பாதே.

ரோஜா கவாத்து தை பிறந்ததுமே தொடங்கி, முந்தாநாள்தான் முடிந்தது. மே மாதக் கண்காட்சிக்குப் பூ வேண்டும் என்றால் இப்போது வெட்டினால்தான் உண்டு. ரோஜாப் பூங்காவிலும் அப்படித்தான் செய்கிறார்கள். வெளிப்பக்கம் பார்க்கிற கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் நிற்காமல் சாய்த்து வெட்ட வேண்டும். உள்பக்கக் கணுவில் வெட்டினால் கிளை நடுவில் போய்ச் சிக்கும், காற்று ஓடாது, சாம்பல் நோய் பிடிக்கும். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆறாவது படிக்கும்போதே நீ வெட்டுவாய். தம்பிக்கு இன்னும் கணு எது முள் எது என்று தெரியவில்லை. மேல் வீட்டுக்காரர் யாரோ சொன்னார்கள் என்று ஹைட்ரேஞ்சியாவையும் அடியோடு வெட்டிவிட்டார். அது போன வருஷக் குச்சியில் பூக்கிற ஜாதி. இந்த வருஷம் வெறும் இலையைத்தான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை, கேட்டால்தானே சொல்ல முடியும்.

நேற்று செடிக்கு அடிக்கிற பூஞ்சை மருந்து, அதான் போர்டோ கலவை, கலக்கினேன். பிளாஸ்டிக் வாளி ஒன்றில் 5 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தம், இன்னொன்றில் அதே அளவு சுண்ணாம்பு. துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்பில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. வானத்து நீலத்தில் திரண்டு வரும். பிறகு கத்தியை முக்கிப் பார்க்கணும். அது உன் வேலை. வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கண்ணை இமைக்காமல் பார்த்து, "சிவக்குதுப்பா, இன்னும் சுண்ணாம்பு" என்பாய். செம்பு ஒட்டின கத்தியை என்னிடம் நீட்டுவாய். நேற்று தம்பியைக் கூப்பிட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே "ஓகேப்பா" என்றான். நானே வாங்கிப் பார்த்தால் நுனி நன்றாகச் சிவந்திருக்கிறது. அப்படியே அடித்திருந்தால் துளிரெல்லாம் பொசுங்கியிருக்கும். பீச் மரத்துக்கு மருந்து அடிக்கிற காலம் தாண்டிவிட்டது. இலைச் சுருட்டைக்கு மொட்டு வீங்கும் முன்னாலேயே அடிக்கணும், இப்போது பூவே வந்துவிட்டது. பிளம்ஸும் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. இந்தப் பூவில் பனி விழாமல் இருந்தால் மே கடைசியில் பழம்.

பணம் அனுப்பாதே என்று எழுதினேனா? எழுதிவிட்டேன்.

பழம் வந்தால் அனுப்புவதற்கு அட்ரஸ் வேண்டும். பொங்கலுக்கு அனுப்பின பார்சல் திரும்பி வந்துவிட்டது, கண்ணு. மேலே சிவப்பு மையில் "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதியிருந்தது. வர்க்கி நொறுங்கி, மலைப்பூண்டு முளை விட்டிருந்தது. அதற்கு நாலு நாள் முன்னால்தான் போனில் கேட்டேன், "கிடைச்சுதுப்பா, வர்க்கி நல்லா இருந்துச்சு" என்றாய். அம்மாவுக்கு இது தெரியாது. கவாத்துக் கத்தரி வைக்கிற பெட்டியில் ஒளித்துவைத்து, வர்க்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே தின்று தீர்த்தேன். பூண்டை நட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு ஆபீஸில் லீவு இல்லை என்றாய். இருக்கலாம். முன்னெல்லாம் பகலில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாய், "மீட்டிங்" என்று மெசேஜ் வரும், எனக்கு அதில் ஒரு பெருமை. இப்போது பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் முதல் ரிங்கிலேயே எடுக்கிறாய். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்றாய், அதுவும் இருக்கலாம். உன் சிநேகிதியைப் பார்த்து நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையைக் குடைய எனக்கு மனசு வரவில்லை. நீயும் அவளைத் திட்டாதே, அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரத் துரை 1848-ல் போட்ட தாவரவியல் பூங்காவில் மண்வெட்டி பிடித்தவன் மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். சொன்னது தப்பில்லை, இனிமேலும் சொல்வேன். ஆனால் அது உனக்குப் பாரமாகிவிட்டதோ என்று சில ராத்திரி தோன்றுகிறது.

நான் கார்டனில் சேருவதற்கு முன்னால் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது, ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்தாய். பங்களா கைமாறியது. ஒரு சனிக்கிழமை கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. திங்கட்கிழமை எப்போதும் போல டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பி, ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். தெரிந்த முகம் வந்தால் அவசரமாக எங்கேயோ போகிற மாதிரி எழுந்து நடப்பேன். சோற்றை அங்கேயே தின்றுவிட்டு ஐந்து மணிக்கு வீடு. வழியெல்லாம் இன்றைக்கு என்ன வேலை செய்தேன் என்று சொல்வதற்குக் கதை ஜோடித்துக்கொண்டு வருவேன். அம்மாவுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. துணி துவைக்கிறவள் அவள்தானே. பேண்ட் முட்டியில் மண் இல்லை, நகக்கண்ணில் மண் இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் சோறு போடும்போது, "மேல் வீட்டுல உருளைக்கு மண் அணைக்க ஆள் தேடறாங்களாம். உங்களால நாலு நாள் லீவு போட முடியுமா?" என்றாள். நானும் மேஸ்திரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். இன்றைக்கு வரைக்கும் நாங்கள் அதைப் பற்றிப் பேசினது கிடையாது. நீ கேட்டாலும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

உருளை என்றதும் ஞாபகம். விதை எடுத்து வைத்திருக்கிறேன், குப்ரி ஜோதி ரகம், கோழிமுட்டை அளவு. சாக்கு விரித்து வெளிச்சத்தில் பரப்பியதில் குட்டையாக, தடிப்பாக முளை வந்திருக்கிறது. இருட்டில் வைத்தால் வெளுத்து நீண்டு, தொட்டால் ஒடியும். மாசி கடைசியில் பனி விட்டதும் போட வேண்டும். போன தடவை முள்ளம்பன்றி பாதியைத் தோண்டித் தின்றது, அதற்கு வேலி கட்டணும். டாலியா கிழங்கு மணலில் இருக்கிறது, பிரித்து நடணும். நாற்றுத் தட்டில் பெட்டூனியா முளைத்திருக்கிறது. தம்பி தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும், அவனுக்குக் கை அடங்காது. எனக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் குந்த முடியவில்லை. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் முளையை ஒடித்துவிடுகிறார்கள்.

ஒரு பத்து நாள், பதினைந்து நாள், உன்னால் லீவு போட முடியுமா?

கேட்டுப் பார். அதிகமாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, வேலை இருக்கிறது. பந்திப்பூர் வழியை ராத்திரி 9 மணிக்கு அடைத்துவிடுவார்கள், பகல் பஸ்ஸிலேயே வா. ஸ்வெட்டர் மறக்காதே. டிக்கெட்டுக்கு உன் பணத்தில் கை வைக்காதே, புத்தகத்திலிருந்து எடுத்துத் தம்பியை ஜிபே போடச் சொல்கிறேன். வாங்கிவர ஒன்றும் வேண்டாம், அம்மாவுக்குக்கூட வேண்டாம். வர முடியாது என்றால் புது அட்ரஸையாவது எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா