மேகத்தைத் தொட வேண்டாம்

தென்காசி,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. சாரல் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. மேலத்தெரு வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

நீ அனுப்பிய வாட்டர்கலர் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அந்த முதுகு வளைவை இம்மி பிசகாமல் போட்டிருக்கிறாய். அன்று நான் அனுப்பிய பதிலில் இது எதுவும் இல்லை. நான்கு வரி எழுதினேன், நான்கும் குறை. அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. இருபது நாள் ஆகிவிட்டது. வேலை அதிகமாக இருக்கும்.

முதலில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். பாறையில் இருக்கிற சாம்பல் நிறம் கறுப்பு டியூபிலிருந்து வந்ததில்லை. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும். கீழ் விளிம்பில் ஓரிடத்தில் நீலம் தனியாக, பழுப்பு தனியாகப் பிரிந்து நிற்கிறது, அதை வைத்துக் கண்டுபிடித்தேன். கறுப்பைத் தொடாதீர்கள் என்று முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயாகவே போய்ச் சேர்ந்திருக்கிறாய். நீலம் கூடினால் மழை மேகம், பழுப்பு கூடினால் நனைந்த பாறை. அந்த இரண்டு டியூபை வைத்தே குற்றால மலை முழுவதையும் போட்டுவிடலாம். அம்மாவிடம் இதை இரண்டு தடவை சொன்னேன்.

பச்சைதான் கொஞ்சம் கத்துகிறது. சாப் கிரீனை டியூபிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாய். காம்போஜ் மஞ்சளில் பிரஷ்யன் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்த்துப் பார். மஞ்சளில்தான் நீலத்தை விட வேண்டும், நீலத்தில் மஞ்சளை விட்டால் டியூப் காலியாகும், பச்சை வராது. தூரத்து மரங்களுக்கு அதில் ஒரு சொட்டு கிரிம்சன் சிவப்பு விடு, பச்சை அடங்கிப் பின்னால் போய் நிற்கும். ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதே, காய்ந்தால் வெளுக்கும். ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் தடவி, காய்ந்த பிறகு பார்.

வயல் பக்கம் கலர் செத்துவிட்டது. மூன்று நிறத்துக்கு மேல் போனால் அப்படித்தான் ஆகும். அதோடு அரை ஈரத்தில் திரும்பத் திரும்பப் பிரஷ்ஷை ஓட்டியிருக்கிறாய். தப்பு என்று தோன்றிய உடனே கை அங்கேதான் ஓடும், எனக்கும் ஓடும். காயட்டும். முழுதாகக் காய்ந்த பிறகு, சுத்தமான பிரஷ்ஷில் நல்ல தண்ணீர் தொட்டு நனைத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடு. தேய்க்காதே, ஒற்று. அல்ட்ராமரின் எழுந்து வந்துவிடும். பிரஷ்யன் நீலம் வராது, அது தாளைக் கடித்துக்கொள்ளும். அதனால் எங்கே உறுதியில்லையோ அங்கே பிரஷ்யனைப் போடாதே. அரை ஈரத்தில் கை வைக்காதே. காயட்டும்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். செவ்வாய் இரவு வெறும் வானத்தை மட்டும் அனுப்பினாய். முழுப் படம் புதன் இரவு வந்தது. அதில் தாளின் மேல் உன் பிரஷ்ஷின் நிழல் குட்டையாக விழுந்திருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் டம்ளரில் வெயில் இருக்கிறது. அது உச்சிவேளைக்கு முந்தைய வெளிச்சம். அந்த வாரம் லீவு போட்டிருந்தாயா? வீட்டிலிருந்தே வேலை என்று மாற்றிவிட்டார்களா? மதியம் என்ன சாப்பிடுகிறாய் என்றும் கேட்டாள். சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கூடத்துச் சுவரில் இருக்கிற பாபநாசம் அருவிப் படத்தைத் துடைத்து மாட்டினேன். அதை வரைந்த ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலோடு அவருடைய சகோதரர் மகன் வில்லியம் 1785இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது சின்னப் பையன். 1792இல் அவர்கள் நம் பக்கம் வந்தபோதுதான் அந்த அருவியைப் பார்த்து வரைந்தார்கள். அதை உனக்குக் காட்டிக் காட்டி, இந்தப் பையன் எப்படிக் கற்றுக்கொண்டான் பார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்தப் பெரியவர் ராத்திரியில் எழுந்து பையனின் தாளைத் திருத்தியிருப்பாரா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று துடைக்கும்போது யோசித்தேன்.

ஆறாம் வகுப்பில் மாவட்டப் போட்டிக்கு நீ போட்ட படம். மலை, அதன் மேல் மேகம். மேகத்தில் ஈரம் காயும் முன்பே தண்ணீர் சொட்டி, காலிஃபிளவர் மாதிரி விளிம்பு விட்டு விரிந்திருந்தது. அதை எல்லா டிராயிங் மாஸ்டரும் தப்பு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். நீ தூங்கிய பிறகு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அதை ஒற்றி எடுத்துவிட்டு, தண்ணீராகக் கரைத்த நிறத்தில் புதிதாக ஒரு வாஷ் கொடுத்தேன். சுத்தமான வானம். காலையில் நீ பார்த்தாய். “என் மழை எங்கே அப்பா?” என்றாய்.

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்றேன். முதல் பரிசு கிடைத்தது. அந்த எவர்சில்வர் தூக்கை நீ ஒருநாள்கூடப் பள்ளிக்கு எடுத்துப் போகவில்லை. கேமல் பெட்டியையும் அதற்குப் பிறகு நீ திறக்கவில்லை. பையனுக்கு ஆர்வம் போய்விட்டது என்று சொந்தக்காரர்களிடம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்தில் உன் காது படவே சொன்னேன். திருத்தியது நான் என்று உன் அம்மாவிடம்கூட நேற்றுதான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போது அனுப்பிய படத்திலும் மேகத்தில் அதே விளிம்பு இருக்கிறது. நான் அனுப்பிய நான்கு வரியில் முதல் வரியே அதைச் சரிசெய்யச் சொல்லித்தான். முப்பது வருடத்துக்குப் பக்கம் ஆகப்போகிறது, என் கை இன்னும் அங்கேயே போகிறது. அதை ஒற்றி எடுத்துவிட்டாயா? எடுக்கவில்லையென்றால் தொடவே வேண்டாம். இன்று சாயங்காலம் மாடியில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் இறங்கும்போது மேகத்தின் ஓரம் அப்படியேதான் கிழிந்து விரிகிறது. ஆறாம் வகுப்பிலேயே நீ அதைப் பார்த்திருக்கிறாய்.

300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் பத்து வாங்கிப் பார்சல் போட்டிருக்கிறேன். நீ பயன்படுத்துகிற மெல்லிய தாள் இவ்வளவு தண்ணீரைத் தாங்காது, சுருங்கும். நாலு ஓரமும் கம் டேப் ஒட்டி, காய்ந்த பிறகு தொடங்கு. தாளுக்கு அடியில் ஒரு கவர் இருக்கும். அதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

மாடி அறையை அம்மா கூட்டி வைத்திருக்கிறாள். மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை நேராகத் தெரியும், நான் மேலே வரமாட்டேன். சாரல் ஆகஸ்ட் வரை இருக்கும்.

அன்புடன்,
அப்பா