செய்தித் தளப் படங்களும் சொல்லப்படாத விளக்கங்களும்: தமிழ் இணைய இதழ்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கும் தொழில்நுட்பப் பிரிவினருக்கும் வணக்கம்.

திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானின் துணையோடு நாள்தோறும் உங்கள் தளங்களைப் படிக்கும் பார்வையற்ற வாசகர்களில் நானும் ஒருவன். படங்களின் விளக்கம் எங்கள் காதில் விழவில்லை என்று நாங்கள் தெரிவிக்கும்போதெல்லாம், "ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தோடு சேர்த்து எழுதப்படும், திரைவாசிப்பான் படிக்கும் விளக்கம்) கொடுத்துத்தான் இருக்கிறோம், உங்கள் மென்பொருளைச் சரிபாருங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. கோளாறு யார் பக்கம் என்பதை நீங்களே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குரோம் உலாவியில் படத்தின் மீது வலச்சொடுக்கு செய்து 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்து, திறக்கும் பகுதியில் 'ஆக்சஸிபிலிட்டி' தாவலுக்குச் செல்லுங்கள். திரைவாசிப்பானுக்கு உலாவி எந்தப் பெயரை, அதாவது படத்துக்கான எந்த விளக்கத்தை, கொடுக்கிறது என்பது அங்கே தெரியும். அங்கே பெயர் சரியாக இருந்தும் எனக்குக் கேட்கவில்லை என்றால் குறை என்னிடம்தான், என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானின் ஆவண வடிவமைப்பு அமைப்புகளில் படங்களை அறிவிக்க வேண்டாம் என்று வைக்கும் வசதி உண்டு, அதை யாரோ மாற்றியிருக்கலாம். பெயரே இல்லையென்றால் என்.வி.டி.ஏ., ஜாஸ், டாக்பேக், வாய்ஸ்ஓவர் என எந்தத் திரைவாசிப்பானை மாற்றிப் பார்த்தாலும் நீங்கள் எழுதிய விளக்கம் கேட்காது.

பெயர் இல்லாமல் போவதற்கான காரணங்கள் உங்கள் பதிவேற்ற முறையிலேயே இருக்கின்றன. தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு படத்தைக் கட்டுரைக்குள் செருகும் நேரத்தில் ஊடக நூலகத்தில் உள்ள ஆல்ட் எழுத்து கட்டுரைக்குள் நகலெடுக்கப்படுகிறது. பிறகு நூலகத்தில் எவ்வளவு திருத்தினாலும் ஏற்கெனவே வெளியான கட்டுரைக்கு அது போய்ச் சேராது. "நேற்றே சரிசெய்துவிட்டோமே" என்று நீங்கள் சொல்வதும், எங்களுக்கு இன்றும் கேட்காமல் இருப்பதும், இரண்டும் உண்மையாக இருக்கக்கூடியது இதனால்தான். முகப்புப் படத்தைச் சி.எஸ்.எஸ். (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நிரல்) வழியே பின்னணியாக வைக்கும் வார்ப்புருக்களில் (பக்க அமைப்பு மாதிரிகளில்) ஆல்ட் எழுத்து பக்கத்துக்கே வருவதில்லை. சில தளங்களில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்போது ஆங்கிலக் குரல் தமிழ் விளக்கத்தைத் தாண்டிச் செல்லும், அல்லது புரியாதபடி உளறும். மொழிக் குறியீட்டைத் தமிழுக்கு மாற்றுவது வார்ப்புருவில் ஒரே ஒரு வரித் திருத்தம்.

விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையே எடுத்துக்கொள்ளலாம். ஏரிகளிலிருந்து எத்தனை கன அடி நீர் திறக்கப்படுகிறது, எந்தெந்தப் பகுதியினர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை உண்டா என்பதையெல்லாம் சொல்லும் அரசு அறிக்கைகள் வாட்ஸ்அப்பில் வந்த படமாகவே தளங்களில் ஏற்றப்பட்டன. தனியாக நிற்கும் படத்துக்கு ஆல்ட் இல்லையென்றால் திரைவாசிப்பான் பெரும்பாலும் அதைச் சொல்லாமல் கடந்துவிடும். படமே இணைப்பாக இருந்தால் கோப்புப் பெயரை, "ஐ.எம்.ஜி. ஹைபன் இரண்டு கோடியே" என்று தொடங்கி, முழு எண்ணாக வாசித்து முடிக்கும். அந்த எண்ணைக் கேட்டு நான் தெரிந்துகொள்வது படம் வாட்ஸ்அப்பில் எந்தத் தேதியில் வந்தது என்பதை மட்டுமே. அறிக்கையின் வாசகத்தைப் படத்தின் கீழே எழுத்தாக இட்டிருந்தால் ஆல்ட் டெக்ஸ்டில் "அறிக்கையின் படம், வாசகம் கீழே" என்பதே போதுமானதாக இருந்திருக்கும்.

எல்லாப் படத்துக்கும் விளக்கம் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அமைச்சர் ஒருவரின் பழைய கோப்புப் படத்தில் அவர் அணிந்த துண்டின் நிறம் எனக்குத் தேவையில்லை. அங்கே ஆல்ட்டை வெறுமையாக விடுவதே முறை. முகப்புப் பக்கத்தில் தலைப்புக்கு ஓர் இணைப்பும் படத்துக்கு ஓர் இணைப்பும் தனித்தனியே வைத்து, இரண்டிலும் தலைப்பையே எழுதும் வழக்கத்தால் ஒவ்வொரு செய்தியையும் இருமுறை கேட்கிறோம். படத்தையும் தலைப்பையும் ஒரே இணைப்பில் அடக்கி, ஆல்ட்டை வெறுமையாக விட்டால் அத்தொல்லை தீரும். தேர்தல் முடிவு வரைபடம், மழையளவு அட்டவணை, தங்க விலைப் பட்டியல் ஆகியவற்றில் மட்டும் படமே செய்தி; அவற்றின் எண்களை யாராவது தட்டச்சு செய்தே ஆக வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் படத்தைத் தேர்ந்தெடுத்த உதவி ஆசிரியரே தவிர, எந்தச் செய்தி என்றே தெரியாத நிரலாளர் அல்லர். தானியங்கி விளக்கம் "ஒரு தாளின் படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கத்தையும் குறிப்பிடுகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எண்ணிமச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவின்கீழ் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்துவிட்டது. இவற்றை நீங்களே செய்தியாக வெளியிட்டீர்கள் என்பதால் விரித்து எழுதவில்லை.

நான் கேட்பது இதுதான்: பதிவேற்றப் படிவத்தில் விளக்கப் பெட்டியைக் கட்டாயமாக்கி, அதனருகே 'அலங்காரப் படம்' என்ற தேர்வையும் வையுங்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எச்சரிக்கை அறிக்கைகளை எழுத்தாகவும் இடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். அப்படியே, வாசகர் புகார்ப் படிவத்தில் உள்ள ஒலி வசதியற்ற பட கேப்ட்சாவையும் (மனிதர்தானா என்று சோதிக்கும் படப் புதிரையும்) நீக்கிவிடுங்கள். இம்மடலை அந்தப் படிவம் வழியாக அனுப்ப முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்